இரவில் நிறுத்தினால் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரிசீவர்

பழுது பார்ப்போம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டு ஐந்து ஸ்பீக்கர் ரிசீவருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா வாங்கியது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்துத் தூரம் அளந்து, அந்த அளவுகளை அவரே அதில் ஏற்றி வைத்தார். முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் எதுவும் மாறாது. போன வருடம் இரண்டு நாள்தான் தாங்கியது. இப்போது இரவில் சுவர் சுவிட்சை அணைத்தால் காலையில் ரேடியோ நிலையங்கள், ஸ்பீக்கர் தூரங்கள், பாஸ், டிரெபிள் எல்லாம் போய்விடுகின்றன. பாட்டு மட்டும் பழைய மாதிரியே அருமையாகக் கேட்கிறது. பார்க்க வந்தவர், "மெயின் போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். அப்பா இப்போது இல்லை. அவர் எழுதி வைத்த தாளைப் பார்த்துத் தினமும் அளவுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு வழி இருக்கிறதா? (ஒரு வாசகி)

பதில்: இருக்கிறது, சகோதரி. நோய் என்ன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதலில் ஒரு வாரம், பிறகு இரண்டு நாள், இப்போது ஓர் இரவு. போர்டோ ஐசியோ போனால் இப்படிப் படிப்படியாகப் போகாது. ஒரே நாளில் படுத்துவிடும், இல்லாவிட்டால் கண்டபடி நடந்துகொள்ளும். தாங்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஏதோ ஒன்று வற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அது உங்கள் கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் ஒரு பொருள்.

அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அளவுகளை இன்று சரியாகப் போட்ட பிறகு, செட்டின் மெனுவில் ஒவ்வொரு பக்கமாகப் போய்த் திரையையும் படம் எடுங்கள். தூரம் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலி அளவு டெசிபெல் கணக்கில் தனியாக இருக்கும். சப் ஊஃபருக்கு எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்புவது என்பதும் தனியாக இருக்கும். உங்கள் அப்பா டேப் பிடித்து அளந்ததற்குக் காரணம் உண்டு. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட ஒரு மீட்டர் பக்கத்தில் இருந்தால், அதன் ஒலி மூன்று மில்லி விநாடி முன்னதாகக் காதுக்கு வந்துவிடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் ரிசீவர் தூரம் கேட்கிறது. உட்காரும் இடமும் ஸ்பீக்கர்களும் மாறாத வரைக்கும் அவர் எழுதிய எண்கள் இன்றும் சரிதான்.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அந்தக் காலத்து ரிசீவர்களில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு சின்ன ஐசிதான், செட்டை நடத்தும் குட்டிக் கணினி அது, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவுக்கு மின்சாரம் நிற்கவே கூடாது. ரிமோட்டில் அணைத்தால் செட் முழுதாக அணைவதில்லை. ஸ்டாண்ட்பையில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் அணைத்தால் அந்த 5 வோல்ட்டும் போய்விடும். அப்போது கைகொடுக்கத்தான் அந்தச் சின்னப் பொருள். நாணயம் போல வட்டமாக, 5.5 வோல்ட் என்று எழுதியிருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் அது. பேக்கப் கெப்பாசிட்டர் என்பதும் இதைத்தான். சாதாரண கெப்பாசிட்டர்களை மைக்ரோ ஃபாரட் கணக்கில் சொல்வோம். இது 0.047, 0.1, 0.22 ஃபாரட் என்று இருக்கும். சிலவற்றில் முழுதாக 1 ஃபாரட்டே உண்டு.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 0.22 ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். நினைவு பொதுவாக 2 வோல்ட் வரைக்கும் உயிரோடு இருக்கும். 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்க இடையில் 3 வோல்ட் இருக்கிறது. 0.22ஐ 3ஆல் பெருக்கினால் 0.66 கூலும் மின்னூட்டம். தூங்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் குடிப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால், 6,60,000 விநாடி வரும். அதாவது ஏழரை நாள். நீங்கள் சொன்ன அந்த "ஒரு வாரம்" எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அதன் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து, கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகிவிட்டால் ஏழரை நாள் 18 மணி நேரமாகச் சுருங்கும். கூடவே உள்ளுக்குள் கசிவும் வந்துவிடும். வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே போதும், கொள்ளளவு குறையாத கெப்பாசிட்டர்கூட 17 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. உங்கள் செட்டில் இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

திறப்பதற்கு முன் ஓர் இரவு சோதனை செய்யுங்கள். ரிமோட்டில் மட்டும் அணையுங்கள், சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். காலையில் எல்லாம் அப்படியே இருந்தால் நான் சொல்வது உறுதி. அப்படியே இல்லாவிட்டால் இந்தப் பதிலை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம், கைப்பழக்கம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். செட்டை ஒரு நாள் முழுக்க பிளக்கில் விடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மூடியைக் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். ஃபியூஸும் சுவிட்சும் இருக்கும் இடத்தில் வீட்டு மின்சாரம் அப்படியே வந்து நிற்கும். பாட்டில் மூடி அகலத்துக்கு இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் நடுவில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் பல பத்து வோல்ட் மிச்சம் இருக்கலாம். மீட்டர் வைத்துப் பாருங்கள். இருந்தால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒவ்வொன்றின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்து வடித்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள்.

சூப்பர் கெப்பாசிட்டர் பெரும்பாலும் முன்பக்கத் திரைக்குப் பின்னால், நிறையக் கால்கள் உள்ள பெரிய ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் இரண்டு கால்களிலும் மீட்டரை வையுங்கள். நல்ல நிலையில் இருந்தால் நாலரை, ஐந்து வோல்ட் காட்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு மீட்டரை எடுத்துவிடுங்கள். இது முக்கியம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 5 வோல்ட்டில் அதுவே அரை மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். மீட்டரை மாட்டியே வைத்தால் நீங்கள் அளக்க வந்ததை நீங்களே காலி செய்கிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தொடல், நாலு மணி நேரம் கழித்து ஒரு தொடல், மறுநாள் காலை ஒரு தொடல். நல்ல கெப்பாசிட்டர் ஓர் இரவு கழித்தும் 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்களுடையது முதல் ஒரு மணி நேரத்திலேயே வேகமாகச் சரிவதைப் பார்ப்பீர்கள்.

மாற்றும்போது அதே 5.5 வோல்ட், அதே ஃபாரட் வாங்குங்கள். கொஞ்சம் கூட இருந்தால் பரவாயில்லை, இரண்டு மடங்குக்கு மேல் வேண்டாம். இதில் நிற்கும் வகை, படுக்கும் வகை என்று இரண்டு உண்டு. கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மாறும். அதனால் பழையதைக் கழற்றி அளந்துகொண்டு வாங்குவது நல்லது. மைனஸ் பக்கம் எது என்று உறையில் குறி இருக்கும், போர்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சோல்டரிங் அயர்னை ஒரு காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், அதற்குச் சூடு ஆகாது. பழையது உட்கார்ந்திருந்த இடத்தில் போர்டு பழுப்பாகவோ ஈரப்பசையாகவோ இருந்தால் திரவம் கசிந்திருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, அடியில் ஓடும் செப்புக் கோடு அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

புதியதைப் போட்ட அன்று இரவே சோதிக்காதீர்கள். அது முழுதாக நிரம்ப ஒரு நாள் ஆகும். ஒரு நாள் பிளக்கில் விட்டு, அளவுகளை ஏற்றி, அப்புறம் அணைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மறந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன டயோடைப் பார்க்க வேண்டும். சேமித்த மின்சாரம் மற்ற சர்க்யூட்டுகளுக்குத் திரும்ப ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது கசிந்தால் எத்தனை கெப்பாசிட்டர் போட்டாலும் விடிவதற்குள் காலிதான். அதன் ஒரு காலை போர்டிலிருந்து தூக்கி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து அளந்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும், மீட்டர் முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது.

புதுசு வாங்கச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர், பவர் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிலே எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன என்று உங்கள் காதே சொல்கிறது. நகம் அளவு பொருளுக்காகப் பத்துக் கிலோ நல்ல பொருளைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் மினி சிஸ்டம் வேறு மாதிரி படுத்துகிறது. நான் பிளக்கைப் பிடுங்குவதே இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு கணம் அணைந்து திரும்ப வரும். வந்ததும் கடிகாரம் சுழியத்தில் மின்னும், நிலையங்கள் காணாமல் போயிருக்கும். சிடி தட்டை வெளியே தள்ளும்போதும் சில சமயம் இப்படி ஆகிறது. பேக்கப் கெப்பாசிட்டரை ஏற்கெனவே மாற்றிவிட்டேன். பலன் இல்லை. (ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் செய்த அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், அதுவும் ஒரே செட்டில் இரண்டு தடவை. பேக்கப்பை மாற்றிக் கொடுத்தேன், நாலு நாளில் திரும்பி வந்தது. தரமில்லாத கெப்பாசிட்டர் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி மாற்றினேன், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அதைப் பாட விட்டு, இரவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையில் ஃபிரிட்ஜ் உறுமி ஆரம்பித்த அதே நொடியில் செட்டுக்குள் ரிலே "டிக்" என்றது, திரை அணைந்து வந்தது. வீட்டு மின்சாரம் கண் இமைக்கும் நேரம் தணிந்திருக்கிறது, அதை இந்தச் செட்டால் தாங்க முடியவில்லை. ஸ்டாண்ட்பை சப்ளையில் இருந்த 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன். 140 காட்டியது. மேல் பக்கம் உப்பவும் இல்லை, கசியவும் இல்லை. பார்த்தால் புதுசு போலவே இருந்தது. அந்த மனிதரை மூன்று முறை அலைய வைத்தது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

உங்களுடையதும் அங்கேதான் என்பது என் கணிப்பு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், வோல்ட்டை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கும், பெரும்பாலும் 7805 என்று எண் போட்ட ஒரு ரெகுலேட்டர்: ஸ்டாண்ட்பை சப்ளை இவ்வளவுதான். 7805 ஒழுங்காக 5 வோல்ட் தர வேண்டும் என்றால் அதற்குள் போவது 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கெப்பாசிட்டர் வற்றிப்போனால் ஒவ்வொரு அலையின் பள்ளத்திலும் அது இறங்கும். சிடி தட்டின் மோட்டார் இழுக்கும்போது இன்னும் இறங்கும். 5 வோல்ட் தடுமாறியதும் மைக்ரோகன்ட்ரோலர் விழுந்து எழும். பல கருவிகளில் அது எழுந்தவுடன் தன் நினைவு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஓர் இடம் பிசகினாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழிற்சாலை அளவுகளை எடுத்துக்கொள்ளும்.

"தினமும் ஒரு மணி நேரம்தானே போடுகிறோம், அதற்குள் எப்படி வற்றும்?" என்று கேட்பீர்கள். பாட்டு ஒரு மணி நேரம்தான். ஆனால் ஸ்டாண்ட்பை சப்ளை வருடத்துக்கு 8,760 மணி நேரமும் வேலை செய்கிறது. 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று மதிப்பிட்ட கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ரெகுலேட்டர் சூட்டுக்குப் பக்கத்தில் 45 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம். மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அன்றே செத்துவிடாது, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வற்றும். உங்கள் செட் எத்தனை மூன்றரை வருடங்களைப் பார்த்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி வகை போடுங்கள். திறந்திருக்கும்போதே ரெகுலேட்டரின் கால்களையும் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களையும் சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில் பாருங்கள். காலைச் சுற்றி முடி போல ஒரு வட்டக் கோடு தெரிந்தால் அது டிரை சோல்டர். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஈயம் விட்டுப்போன இடம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே கொஞ்சம் தடவினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

கேள்வி: பேக்கப் கெப்பாசிட்டர் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் சி.ஆர். 2032 பட்டன் செல்லை வைத்து சோல்டர் செய்தால் என்ன? (இன்னொரு வாசகர்)

பதில்: வேண்டாம். கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் செட் அதற்கு எந்நேரமும் மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும். சி.ஆர். 2032 திரும்ப மின்னேற்றக் கூடிய செல் அல்ல. 3 வோல்ட் லித்தியம் செல்லுக்குள் 5 வோல்ட்டைத் தள்ளினால் உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். செல்லின் மேல் நேரடியாக அயர்ன் வைப்பதும் ஆபத்துதான். முதலிலிருந்தே பட்டன் செல்லோடு வந்த செட்டாக இருந்தால் மட்டும் அதையே மாற்றுங்கள். அதிலும் தகடு ஒட்டிய செல்லாக வாங்கி, அந்தத் தகட்டில் சோல்டர் வையுங்கள்.

சில பழைய செட்டுகளில் பச்சையோ நீலமோ உறை போட்ட 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அதைப் பார்த்தால், செட் மறந்தாலும் மறக்காவிட்டாலும் உடனே கவனியுங்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் உள்ளே இருந்த காரம் வெளியே வந்து செப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த உப்பைக் கரைத்துத் துடையுங்கள். பிறகு ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். மறந்துபோன செட்டைத் திருத்திவிடலாம். செப்புக் கோடுகள் கரைந்துபோன போர்டை மீட்பது நாள்கணக்கான வேலை.

கேள்வி: என்னுடையது ஓரளவு புதிய செட். நிலையங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கடைசியாக வைத்த ஒலி அளவும், எந்த இன்புட்டில் கேட்டேன் என்பதும் மட்டும் நினைவில் நிற்பதில்லை. தினமும் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சில்தான் அணைக்கிறேன். (ஒரு வாசகி)

பதில்: உங்கள் செட்டில் பழுதே இல்லை என்று நினைக்கிறேன். புதிய செட்டுகள் அளவுகளை ஈஈப்ராம் என்ற ஐசியில் எழுதி வைக்கின்றன. மின்சாரம் இல்லாமலே அது வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். ஆனால் அதில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு உண்டு, பெரும்பாலானவற்றுக்கு லட்சம் முதல் பத்து லட்சம் முறை வரை. ஒலியைத் திருகும் ஒவ்வொரு தடவையும் எழுதாமல், ஸ்டாண்ட்பை பட்டனை அழுத்தும்போது மொத்தமாக எழுதும்படி பல செட்டுகளை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் நேராகப் பெட்டி சுவிட்சை அணைப்பதால் அதற்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. முதலில் ரிமோட்டில் அணையுங்கள், ஐந்தாறு விநாடி பொறுங்கள், அப்புறம் பெட்டி சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: மறந்தால் மறக்கட்டும் என்று எப்போதும் ஸ்டாண்ட்பையிலேயே விட்டுவிடலாமா? திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. (வயதில் மூத்த வாசகர்)

பதில்: விடலாம் ஐயா. ஆனால் பழைய செட்டுகள் ஸ்டாண்ட்பையில் குடிப்பது கொஞ்சம் அதிகம். 10 வாட் என்றால் வருடத்துக்கு 88 யூனிட் ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் திரை இல்லாத கருவிகளுக்கு 1 வாட், 2013இல் அரை வாட் என்று வரம்பு கொண்டுவந்த பிறகுதான் இது வெகுவாகக் குறைந்தது. உங்கள் செட் அதற்கு முந்தையது என்றால் கையால் தொட்டுப் பாருங்கள். அணைத்த நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகும் மூடி வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்சம் தாராளமாகவே குடிக்கிறது. மேலே துணியோ புத்தகமோ வைக்காமல் காற்றோட்டமாக விடுங்கள். இடி மின்னல் நாளில் மட்டும் பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கிவிடுங்கள். அன்றைக்கு அளவுகள் போனாலும் போகட்டும், காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் கால் மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம்.